விறகில் ஊறிய தண்ணீருக்கு விலை கொடுப்பதா?

ஈரம் என்பது பணம் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூலை நிறுத்து வாங்கும் நெசவாளர் அதனை அறிவர்; முற்றும் உலர்ந்த பருத்தி நூல் 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரமும், பட்டுக்கு 11 கிலோ ஈரமும் இருக்கலாம் என்று வியாபார வழக்கே வரம்பு கட்டியிருக்கின்றது. அதற்கு மேல் ஈரம் ஏறிய சிப்பத்தை வாங்கினால் நூலின் விலையில் தண்ணீரை வாங்கினோம் என்று பொருள். முண்டு மிளகாய் பயிரிடும் விவசாயியும் அறிவர். வற்றல் சரியாகக் காயவில்லை என்று மண்டியில் கழிவு பிடிக்கும்போது அவர் வாய் திறக்க முடிவதில்லை. இவ்வளவு தெரிந்த நாம், விறகு என்று வந்துவிட்டால் மாத்திரம் பச்சைக் கட்டையைத் தராசில் ஏற்றி, வந்த எடைக்கு வந்த விலை என்று கொடுத்தும் வாங்கியும் வருகின்றோம். இது ஏன் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விறகைப் பற்றி ஒரு கூட்டுறவுப் பத்திரிகை இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அடுப்பெரிக்கும் விறகு மட்டுமாக இருந்தால் நாமும் பேசாதிருந்திருப்போம். நாம் பேசுவது மீனுக்கும் இறைச்சிக்கும் புகையூட்டும் விறகைப் பற்றி. அதிலும் பழமரங்களின் கட்டையைப் பற்றி.

தேவிபட்டினத்திலும் அதற்கு வடக்கும் தெற்குமாக உள்ள கரையூர்களிலும் மீனைக் காப்பதற்கு இதுவரை நாம் நம்பி வந்தவை இரண்டே: உப்பும் வெயிலும். உப்பைப் பற்றி நமக்குக் குறையில்லை. இதே மாவட்டத்தில் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமே இருக்கின்றது. வெயில்தான் நம்முடைய சொற்படி நடப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், வெயில் கொளுத்தும் காலத்தில், மீன் இனப்பெருக்கத்தை முன்னிட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகுகள் கொண்டு வருவது அன்றாட விற்பனைக்கே போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வலை நிறைந்து வரும் நாட்களிலோ வானம் மூடிக்கொள்கின்றது. பகலில் பரப்பிய சூடையை மாலையில் அள்ளி மூட வேண்டும். மறுநாள் விரித்தால் ஈ மொய்த்திருக்கும். மூன்றாம் நாள் புழு வைத்திருக்கும். அதனைக் கோழித் தீவனத்துக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் கருவாட்டுத் தொழில் செய்யும் பெண்கள். அவர்கள் நமது சங்கத்தின் அங்கத்தினர்களது வீட்டுப் பெண்களும் அல்லர், அந்நியரும் அல்லர். நம்மிடம் விறகும் ஓலையும் வாங்குகின்றவர்கள், நமக்கு மீன் விற்கின்றவர்கள்.

வெயில் இல்லாத நாட்டினர் என்ன செய்கின்றனர்? புகையிட்டுக் காக்கின்றனர். நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் பன்றியிறைச்சியை வாரக்கணக்கில் புகையில் தொங்கவிடுகின்றனர். ஜப்பானியர் சூரையை வேகவைத்துச் சீவி, ஓக் மரப் புகையில் திரும்பத் திரும்ப இட்டுக் கட்டை போலாக்கி விடுகின்றனர். அவ்வளவு தூரம் போவானேன். மாசி நமக்குப் புதிதா? மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரையை உப்புநீரில் அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்துச் செய்யும் அந்த மாசிதானே இலங்கைச் சம்பலுக்கும் நம் வீட்டுத் துவையலுக்கும் மணம் கொடுக்கின்றது! நாம் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போடுகின்றோம், அதனோடு நின்றுவிட்டோம். வெயில் தாராளமாகக் கிடைத்த ஊரில் புகையைப் பற்றி நினைக்க அவசியம் நேரவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

எந்த மரத்தின் புகை என்பதில்தான் முதல் தவறு நேர்கின்றது. கையில் கிடைத்ததை எரிப்பது நம் வழக்கம். மரத்தில் மூன்று முக்கியப் பொருள்கள் இருக்கின்றன; அவற்றுள் லிக்னின் என்பது மெல்லக் கனியும்போதுதான் நாம் புகைமணம் என்று சொல்லும் வாசனைப் பொருள்கள் பிறக்கின்றன. ஊசியிலை மரங்களின் பிசின் கசப்பையும் கரியையும் தரும் என்பதால் உலகெங்கும் புகையிடுவோர் அவற்றை ஒதுக்கி, அடர்த்தியான இலைமரங்களை நாடுகின்றனர். அவற்றிலும் பழமரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. மேல்நாட்டில் ஆப்பிளும் செர்ரியும் போல ஹவாய்த் தீவுகளில் கொய்யாக் கட்டைக்கு இறைச்சி புகையிடுவதில் நல்ல பெயர் இருக்கின்றது. நம் தோட்டங்களில் ஆண்டுதோறும் கவாத்து செய்து வேலியோரம் எறிகின்றோமே, அதே கொய்யாதான்.

நம் பக்கத்தில் கிடைப்பவற்றுள் கொய்யாவை முதலாகச் சொல்வோம். மாவும் நாவலும் அடுத்து. இலந்தை சிறு கட்டையானாலும் கனல் நின்று பிடிக்கும். புளி மிகுந்த சூடு தருவது. அதன் கரி முற்காலத்தில் வெடிமருந்துக்கே பயன்பட்டது என்றால் அதன் வேகத்தை யூகித்துக் கொள்ளலாம். ஆகவே புளியைக் கனலுக்கு அடியில் வைத்து, புகைக்குக் கொய்யாவையோ மாவையோ மேலே இடுவது முறை. தென்னை மட்டையும் தொட்டியும் துணைக்கு உதவும்.

ஒதுக்க வேண்டியவற்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரளி நஞ்சு. கள்ளி, எருக்கு முதலிய பால் மரங்கள் ஆகா. அலையாத்திக் காடுகளில் நிற்கும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். அதன் புகையும் அத்தகையதே. வேம்பு நல்ல மரம்தான், கொசுவை விரட்டுவதற்கு. மீனுக்குக் கசப்பேற்றுவதற்கு அன்று. இவை யாவற்றையும்விடக் கரையூரில் பெரிய ஆபத்து பழைய படகுக் கட்டை. சாயமும் தாரும் செம்பு கலந்த பூச்சும் ஊறிய பலகை, பசை வைத்து ஒட்டிய பிளைவுட், கடல் நீரில் ஆண்டுக்கணக்கில் மிதந்து உப்பேறிய ஒதுங்கு கட்டை, இவற்றை எரித்தால் வரும் புகையில் உடலுக்குக் கேடான பொருள்கள் உண்டாகின்றன. காசில்லாமல் கிடைக்கின்றதே என்று இவற்றை உணவுக்கு அருகில் கொண்டு வருவது கூடவே கூடாது.

இனி, யாவரும் எதிர்பார்க்கும் கேள்விக்கு வருவோம். சீமைக் கருவேல் என்ன ஆயிற்று? இராமநாதபுரம் மாவட்டத்தில் வேறு எந்த மரம் இவ்வளவு கிடைக்கின்றது? இதனைச் சற்று விரிவாகவே பேசுவது நல்லது.

சீமைக் கருவேலின் விதை ஜமைக்காத் தீவிலிருந்து தருவிக்கப்பட்டு 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை ஜில்லாவில் விதைக்கப்பட்டது. பின்னர் அது நம் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்ட கதையை நாம் சொல்லத் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் அதனை அகற்ற உத்தரவிட்டதும், தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. ஒரு பக்கம் இது கண்மாய்க்குப் பகை. மறு பக்கம் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் கஞ்சி குடிப்பது இதனால்தான். இரண்டையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இம்மரத்தின் நெருங்கிய இனமொன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் வளர்கின்றது. ‘மெஸ்கீட்’ என்று பெயரிட்டு, மாட்டிறைச்சியைச் சுடவும் புகையிடவும் அதனை விரும்பி வாங்குகின்றனர். ஹவாயிலும் 1828இல் ஒரு பாதிரியார் இதே இனத்து மரமொன்றை நட்டார். அது அங்கும் பரவியது. இன்று அதன் கரியும் கட்டையும் சமையலுக்குப் பெயர் பெற்று விற்கின்றன. நமது மூட்டக்காரர் அதே குடும்பத்து மரத்தை மண் போர்த்தி எரித்து, தம் நெஞ்சில் புகையேற்றி, டன் கணக்கில் தரகரிடம் போடுகின்றார். வேறுபாடு மரத்தில் இல்லை. வகை பிரித்துக் காயவைத்துப் பெயரிட்டு விற்பதில் இருக்கின்றது.

இருந்தாலும் சீமைக் கருவேலை மட்டும் வைத்துக்கொண்டு மீனுக்குப் புகையிடலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். அதன் புகை உரத்தது, சூடும் மிகுதி. நெடுநேரம் இட்டால் சூடை போன்ற மெல்லிய மீன் கைத்துப் போகும். கனலுக்கு அது, மணத்துக்குப் பழமரம் என்று பிரித்துக்கொள்வதே நமது அபிப்பிராயம். அப்படிச் செய்தால் கண்மாய்க்குள்ளிருந்து வெட்டுவதற்கு ஒரு கூலியும், தோட்டத்துக் கவாத்துக்கு ஒரு விலையும் சேர்ந்து கிடைக்கும்.

காயவைத்தல் என்பதைத்தான் நாம் ஒரு தொழிலாகவே கருதுவதில்லை. “வெட்டினோம், வெயிலில் போட்டோம், காயாமல் எங்கே போகும்?” என்பார்கள். முழுக் கட்டையாகப் போட்டது எங்கும் போகாது; பட்டைக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆண்டு கழிந்தும் அப்படியே கிடக்கும். வெளியே வெடித்துக் காட்டும். பிளந்தால் உள்ளே குளிர்ந்திருக்கும். ஆகவே வெட்டிய ஓரிரு வாரங்களுக்குள், கட்டை பச்சையாக இருக்கும்போதே, ஒரு முழ நீளத்தில் அறுத்து மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துவிட வேண்டும். புளியையும் கொய்யாவையும் காயவிட்டுப் பிளக்க முயன்றவர் கோடரியைத்தான் பிளப்பார். பிறகு தரையில் படாதபடி செங்கல்லின் மேலோ பழைய பனஞ்சட்டத்தின் மேலோ, ஒரு வரிசை நீளமாகவும் அடுத்த வரிசை குறுக்காகவும், இடையிடையே காற்றோட விட்டு அடுக்க வேண்டும். மேலே ஓலையோ தகரமோ இருக்க வேண்டும். பக்கங்களை மூடுதல் கூடாது. தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவது விறகைக் காப்பதன்று, அவிப்பதாகும். அடுக்கின் அகலமான பக்கம் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்குமானால், சித்திரை முதல் ஆவணி வரை அந்த வறண்ட காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். கடல் திவலை தெறிக்கும் மணலில் அடுக்கு வைத்தல் கூடாது. கறையானும் உளுவண்டும் வராதபடி பட்டையை உரித்துவிடுதல் நலம். பூஞ்சணம் பிடித்த கட்டையைப் புகைக்கு எடுக்கவே கூடாது. அதனை அடுப்புக்குத் தள்ளிவிடலாம்.

எப்போது காய்ந்தது என்று கண்டுகொள்வது எவ்வாறு? இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்பது கிழவர்கள் சொல்வது, அது சரிதான். ஆயினும் விலை பேசுவதற்குக் காதின் சாட்சியம் போதாது. கட்டையின் நடுவிலிருந்து 100 கிராம் சீவலை எடுத்து, அடுப்பனலில் கருகாமல் எடை குறைவது நிற்கும் வரையில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். 80 கிராம் நின்றால் ஈரம் நூற்றுக்கு 20. இதுவே புகையிடுவதற்கு ஏற்ற அளவின் மேல் எல்லை என்று கொள்ளலாம். மிளகாய் வற்றலுக்கு வைத்திருக்கும் தராசே இதற்குப் போதும். மரத்தில் முள் ஊன்றி ஈரம் காட்டும் சிறு மின்கருவியும் இப்போது கடைகளில் கிடைக்கின்றது.

பச்சைக் கட்டை எரியும்போது அதன் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் போய்விடுகின்றது. வருவது புகையன்று, புளித்த நீராவியும் கரியும். மீனின் மேல் ஒட்டும் அந்தக் கரியில்தான் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் இருக்கின்றன. இதற்கு மாறாக, மிகையாக உலர்ந்த சிராய் சுடர்விட்டு எரிந்துவிடும். 400 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏற அதே நச்சுப் பொருள்கள் பெருகும். சுடரின்றிக் கனிய வேண்டும். அதற்கு மிதமான காய்ச்சல் வேண்டும். இது ருசியைப் பற்றிய நுணுக்கம் மட்டும் அன்று. ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் புகையிட்ட மீனிலும் இறைச்சியிலும் பென்சோபைரீன் என்ற அப்பொருள் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று விதித்திருக்கின்றன. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2009இலேயே இதற்கென ஒரு நடைமுறை விதியை வகுத்தது. விறகின் வகையும் ஈரமும் அதில் பேசப்படுகின்றன. நம் மீன் ஐரோப்பாவுக்குப் போகிறதோ இல்லையோ, நம் பிள்ளைகள் உண்பதற்கும் அதே அளவு பொருந்தும் அல்லவா?

இப்போது விலைக்கு வருவோம். உள்ளபடி சிக்கல் இங்கேதான் இருக்கின்றது. பச்சையாக வெட்டிய 100 கிலோ கட்டையில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், மரம் 50 கிலோ. அதனை நூற்றுக்கு 20 ஈரம் வரையில் காயவைத்தால் தராசில் நிற்பது 62.5 கிலோ. ஆறு மாதம் இடம் கொடுத்து, கூலி கொடுத்துப் பிளந்து, ஓலை வேய்ந்து காத்த விவசாயி, எடைக்கு விற்றால், வெட்டிய அன்றே விற்ற அண்டை வீட்டுக்காரரைவிட நூற்றுக்கு 37.5 பங்கு குறைவாகப் பெறுகின்றார். கிலோ விலை 1.6 மடங்கு ஆனால்தான் அவருக்குப் போட்ட மரத்தின் முதலே திரும்பும். கூலியும் காத்திருப்பும் அதற்கு மேல். இந்த நிலையில் எவர்தான் காயவைப்பார்? காயவைக்காதவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பச்சை எடைக்கு விலை பேசும் வழக்கமே நல்ல விறகு உண்டாகாமல் தடுக்கின்றது. வாங்குகின்ற கருவாட்டுக்காரப் பெண்ணோ தண்ணீருக்குக் காசு கொடுத்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்க மறுபடி விறகு எரிக்கின்றார்.

தனி விவசாயி இதனை மாற்ற முடியாது. தனியாக வாங்குகின்ற பெண்ணாலும் முடியாது. சங்கத்தால் முடியும். ஈரத்தை அளந்து, உலர்ந்த மரத்தின் கணக்கில் விலை கொடுப்பதென்று சங்கம் முடிவு செய்தால், பச்சையாகக் கொண்டு வருபவருக்கு மரத்தின் விலை மட்டும் கிடைக்கும். காயவைத்துக் கொண்டு வருபவருக்கு அதோடு காய்ச்சலின் விலையும் கிடைக்கும். எவருக்கும் நஷ்டமில்லை, தண்ணீர் விற்பவரைத் தவிர. இதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. பக்கங்கள் திறந்த ஒரு கொட்டகை, ஒரு தராசு, வகை பிரித்து எழுதும் ஒரு பேரேடு, இவையே போதும். நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சாயப்பட்டறை அடுப்புக்குக் காய்ந்த விறகு குறைவாகச் செலவாகும் என்பது ஒன்று. நூலின் ஈரத்தைக் கணக்கிட்டு வாங்கும் பழக்கம் உள்ள அவர்களே கொட்டகையின் பேரேட்டைச் சரிபார்க்கத் தகுந்தவர்கள் என்பது மற்றொன்று.

நமக்கு ஒரு பயம் உண்டு, அதனையும் மறைக்க வேண்டாம். விலை வந்துவிட்டால் காய்க்கின்ற மரத்தையும் வெட்டத் தோன்றும். கவாத்து செய்த கிளை, காய்ப்பு ஓய்ந்த மரம், காற்றில் விழுந்தது, இம்மூன்றையும் தவிர வேறு பழமரக் கட்டையைச் சங்கம் வாங்கக் கூடாது என்று துணைவிதியிலேயே எழுத வேண்டும். பனையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்திருக்கின்றது. விழும் மரத்துக்கோ இந்நாட்டில் குறைவில்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் மாவும் பலாவும் முந்திரியும் தென்னையுமாக ஓர் இரவில் சாய்த்தது. அவ்வளவு பழமரக் கட்டையும் ஒருங்கே தரையில் கிடந்தபோது, அதனை வகை பிரித்துக் காயவைத்துக் காத்து விற்கும் ஏற்பாடு எந்தச் சங்கத்திடம் இருந்தது? அடுத்த புயலுக்கு முன்னாவது கொட்டகை எழ வேண்டாமா?

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த நெருப்பில் புகையிட்டால் மீனைவிடப் பெண்களின் கண்ணும் நெஞ்சும்தான் புகையேறும். கானா நாட்டில் அக்ரா நகருக்கருகே சோர்க்கோர் என்ற மீனவக் கிராமத்தில் அவ்வூர்ப் பெண்களோடு கலந்து ஒரு மண் அடுப்பை வகுத்தார்கள்; மேலே மரச்சட்டத் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும்; விறகு மிச்சம், புகையும் அடக்கம். செனகல் நாட்டில் 2008இல் கரி படியாத வகையில் அதனை மேலும் திருத்தினார்கள். நம் குயவரும் கொத்தரும் கட்ட முடியாத வேலை அன்று அது. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இன்றும் மண்டபத்தில் இருக்கின்றது. கொச்சியில் 1957 முதல் மீன்பதனத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய நிலையம் ஒன்று நடைபெறுகின்றது. எழுதிக் கேட்பதற்குத் தபால் செலவுதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லி வைக்கின்றோம். புகை தானாகவே மீனைக் காக்காது. முதலில் உப்புநீரில் ஊற வேண்டும். மேல்நீர் வற்ற வேண்டும். பிறகு மீனின் உட்பகுதி நன்கு வேகுமளவுக்குச் சூடான புகை வேண்டும். குளிர்ந்த புகையிடும் மேல்நாட்டு முறை 30 டிகிரிக்குக் கீழே நடப்பது. நமது காற்றே அந்தச் சூட்டைத் தாண்டி நிற்கின்ற ஊரில் அதனைப் பின்பற்றினால் மீன் புகைக்குள்ளேயே கெடும். புகையிட்டும் ஈரமாக உள்ள மீன் சில நாட்களே தாங்கும். மாதக்கணக்கில் இருக்க வேண்டுமானால் மாசியைப் போல மேலும் உலர வேண்டும். காரல் போன்ற சிறு முள் மீனுக்குப் பழைய வெயிலே போதும். சூடை, சாளை, அயிலை, சூரை முதலிய நெய்ப்பசையுள்ள மீனுக்கே புகை பொருந்தும்.

வருகின்ற பொதுக்குழுவில் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கின்றோம். தையில் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்த கொய்யாவைப் பிளந்து பங்குனிக்குள் அடுக்கினால், புரட்டாசியில் நிறுத்துப் பார்க்கலாம். முதலாண்டில் ஐந்து டன் போதும். அதில் பாதியை ஐப்பசியில் கரையூர்ப் பெண்களுக்குக் கடனாகக் கொடுத்து, மீன் விற்ற பின் பணம் வாங்கிக்கொள்ளலாம்.